கோரைச் சதுப்பின் குருவிக்கு அரிவாளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஐரோப்பாவில் அருகிவரும் பறவைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கழுகுகளுக்கும் நாரைகளுக்கும் தாராளமாக இடம் கிடைக்கும் இக்காலத்தில், சுமார் 12 கிராம் மட்டுமே எடையுள்ள ஒரு புல்வெளிக் குருவிக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது மகிழ்ச்சி தந்தது. ஆயினும் அந்த ஒரு பத்திக்குள் எண்ணிக்கை தொடர்பான பிழை ஒன்றும், அதைவிடப் பெரிய கருத்துப் பிழை ஒன்றும் புகுந்துவிட்டன. உலகில் சுமார் 11,000 இணைகள் எஞ்சியுள்ளன என்று எழுதியிருப்பது முதலாவது. மனிதன் அந்தச் சதுப்புகளை விட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும், பறவை தானே பிழைத்துக்கொள்ளும் என்று பத்தியை முடித்திருப்பது இரண்டாவது. இரண்டும் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இரண்டாவது எண்ணத்தை நம்பி நடந்த இடங்களில் இக்குருவி மறைந்திருக்கிறது என்பதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று. பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கட்டுரையாளர் இதை 'நீர்க் கதிர்க்குருவி' என்கிறார். அது 'அக்வாடிக் வார்ப்ளர்' என்ற ஆங்கிலப் பெயரின் நேர்ப்பெயர்ப்பு. நீரில் நீந்துவதோ மூழ்குவதோ இப்பறவையின் வழக்கமில்லை. கணுக்காலளவு நீர் தேங்கிய தரையில் வளரும் கோரைத் தண்டுகளைப் பற்றிக்கொண்டு, தரையோடு தரையாக நகரும் பறவை இது. அறிவியல் பெயரான அக்ரோசெபாலஸ் பாலுடிகோலாவில் உள்ள பின்பகுதிக்குச் சதுப்பில் வாழ்வது என்பதே பொருள். 1817-இல் வியேயோ என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் சூட்டியது. ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் இதன் பெயரிலேயே கோரையைச் சேர்த்துவிட்டார்கள். பெலாரஸ் மக்களோ ஓரிடத்தில் நில்லாமல் துருதுருவென்றிருக்கும் நாணற்குருவி என்ற பொருளில் அழைக்கிறார்கள். தமிழில் 'கோரைக் கதிர்க்குருவி' என்பதே பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். இக்கடிதத்தில் அப்படியே எழுதுகிறேன்.

வேலை நிமித்தமாகப் போலந்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது இப்பறவையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்தேன் என்று சொல்வதைவிடக் கேட்டேன் என்று சொல்வதே நேர்மை. அந்நாட்டின் வடகிழக்கில் பியெப்ஷா ஆற்றங்கரைச் சதுப்புகள் பரந்து கிடக்கின்றன. 1993-இல் அமைக்கப்பட்ட பியெப்ஷா தேசியப் பூங்கா 59,000 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ளது. போலந்தின் பூங்காக்களில் அதுவே பெரியது. அதில் துவுகா லூக்கா என்னுமிடத்தில் சாலையோரத்திலிருந்து சதுப்பின் உள்ளே சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை ஒன்று போகிறது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகிவிடும். எட்டு மணிக்கே போய் அப்பலகையின் கடைசியில் நின்றுகொண்டேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முழங்கால் உயரக் கோரை, இடையிடையே பஞ்சுப்புல்லின் வெண்தலைகள். மரமென்று சொல்ல எதுவுமில்லை. கொசுக்களைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும். ஒரு மணி நேரம் எதுவுமே கேட்கவில்லை. வெளிச்சம் சாய்ந்து, ஈரக் குளிர் கோரையிலிருந்து எழத் தொடங்கிய பின்னர்தான், இருபது அடி தொலைவில் யாரோ ஒரு சீப்பின் பற்களை நகத்தால் நெருடியதுபோல 'டிர்ர்ர்' என்றொரு வறண்ட ஒலி கேட்டது. அதைத் தொடர்ந்து மூன்று நான்கு மெல்லிய சீழ்க்கைகள், பிறகு மௌனம், மறுபடியும் 'டிர்ர்ர்'. பாட்டு அவ்வளவுதான். அதே குடும்பத்தின் மற்ற கதிர்க்குருவிகள் மூச்சுவிடாமல் அடுக்கிப் பாடும் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இது பாட்டின் தொடக்கம்போலத் தோன்றுமே தவிர முழுப் பாட்டாகத் தோன்றாது.

பிறகு அது ஒரு தண்டின் நுனிக்கு ஏறியது. உச்சந்தலையின் நடுவே வெளிர்மஞ்சளாக ஒரு கோடு, அதன் இருபுறமும் கரிய பட்டைகள், முதுகில் வைக்கோல் நிறத்தில் இரண்டு நீள்வரிகள். காய்ந்த கோரைத் தண்டையும் அதன் நிழலையும் எடுத்து வரைந்ததுபோன்ற உடல். ஐந்தாறு நொடிகள் இருந்திருக்கும். தண்டைவிட்டுக் கீழே நழுவியது. இறங்கிய இடத்தையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளி வேறொரு தண்டிலிருந்து குரல் வந்தது. கோரைகளுக்கு இடையில் எலியைப்போல அது ஓடியிருக்க வேண்டும். ஒரு தாளாவது அசைந்ததை நான் காணவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். கட்டுரையில் உள்ள 11,000 என்ற எண்ணில் தவறில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளின் மதிப்பீடுகள் ஏறக்குறைய 10,000-க்கும் 14,000-க்கும் இடையில்தான் இருந்துவந்துள்ளன. ஆனால் அவை இணைகளின் எண்ணிக்கை ஆகா. பாடும் ஆண் பறவைகளின் எண்ணிக்கை. சொல்லில் உள்ள வேறுபாடுதானே என்று தோன்றலாம். கோரைக் கதிர்க்குருவியில் இணை என்ற ஒன்றே கிடையாது. ஆண் பறவை கூடு கட்டுவதில்லை, அடைகாப்பதில்லை, குஞ்சுக்கு ஒரு புழுவைக்கூடக் கொண்டுவந்து தருவதில்லை. தனக்கென எல்லை வகுத்துக் காப்பதும் இல்லை. அந்தியில் பாடுவதும் பெண்களைத் தேடி அலைவதுமே அதன் வேலை. ஒரே கூட்டில் உள்ள குஞ்சுகளுக்குத் தந்தையர் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பது இப்பறவையில் இயல்பு என்பதை மரபணுச் சோதனைகள் காட்டியுள்ளன. பெரும்பாலான பாடும் பறவைகளில் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும் சேர்க்கை இதில் இருபது நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதும், பிற ஆண்களை அப்பெண்ணிடம் நெருங்கவிடாமல் தடுப்பதற்கே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இதை வெறும் விந்தையாக ஒதுக்கிவிட முடியாது. நான்கு முதல் ஆறு முட்டைகள் இட்டு, அடைகாத்து, அத்தனை குஞ்சுகளையும் ஒரு தாய் தனியாகவே வளர்த்தாக வேண்டும் என்றால், கூட்டைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள்ளேயே சிலந்திகளும் கம்பளிப்புழுக்களும் தும்பிகளும் ஏராளமாகக் கிடைத்தாக வேண்டும். பெரிய இரையாக இருந்தால்தான் நடைகளின் எண்ணிக்கை குறையும். அத்தகைய செழிப்பு, நீர் தேங்கிய, வெயில் நேராக விழுகிற, திறந்த கோரைச் சதுப்பில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் நாணற்காட்டிலும் சாதாரண மேய்ச்சல் நிலத்திலும் தன் உறவுப் பறவைகள் பிழைக்கும்போது இது மட்டும் பிழைப்பதில்லை. கூடும் தரையை ஒட்டியே, கோரைத் தூருக்குள் பழைய காய்ந்த இலைகளுக்கு அடியில் இருக்கும். நீர் நான்கு விரற்கடை உயர்ந்தால் கூடு மூழ்கும். முற்றிலும் வற்றினால் பூச்சிகள் குறைவதோடு நரிக்கும் எலிக்கும் வழி திறக்கும்.

எண்ணும் முறையும் இதிலிருந்தே வருகிறது. பெண் பறவையை எண்ண வழியே இல்லை. ஆண்களைக்கூடச் சூரியன் மறையும் வேளையை ஒட்டிய ஓரிரு மணி நேரத்தில்தான், சதுப்பில் வரிசைபிடித்து நடந்து, காதால் எண்ணுகிறார்கள். காற்று வீசினால் அன்றைய எண்ணிக்கை பாழ். இப்படி எண்ண வேண்டிய பறவை என்பதால் எத்தனை ஆண்டுகள் கண்ணில் படாமல் இருக்கும் என்பதற்குப் பெலாரஸே சான்று. அந்நாட்டின் தெற்கிலுள்ள பொலேசியாச் சதுப்புகளில் இப்பறவை ஆயிரக்கணக்கில் வாழ்கிறது என்பது 1995-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அங்குள்ள ஸ்வானெட்ஸ் சதுப்பு ஒன்றே 16,000 ஹெக்டேர் அளவுள்ளது. ஆங்காங்கே சிதறிய சில தீவுகளில் எஞ்சியிருப்பதாகக் கருதப்பட்ட ஓர் இனத்தின் பெருங்கூட்டம் ஐரோப்பாக் கண்டத்திலேயே அதுவரை கணக்கில் வராமல் இருந்திருக்கிறது. இன்று பெலாரஸ், உக்ரைன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில்தான் உலகின் கோரைக் கதிர்க்குருவிகளில் மிகப் பெரும்பாலானவை இனம்பெருக்குகின்றன; லித்துவேனியாவில் ஒரு சிறு கூட்டம் உண்டு. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் முன்பு கூடு கட்டியது; இப்போது அங்கே வலசைக் காலத்தில் தங்கிச் செல்வதோடு சரி.

மறைந்ததற்கு முதற்காரணம் வடிகால் என்பதைக் கட்டுரையாளர் சரியாகவே குறிப்பிட்டிருக்கிறார். பொலேசியாவில் சோவியத் காலத்தில் நேர்கோட்டில் வெட்டப்பட்ட கால்வாய்கள் பெருஞ்சதுப்புகளை விளைநிலமாக்கின. சில ஆண்டுகள் நல்ல விளைச்சல் கிடைத்தது. பிறகு நிலமே தாழத் தொடங்கியது. கோரையின் வேரும் தண்டும் நீருக்கடியில் காற்றுப்படாமல் கிடந்து, முழுதும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்ததே பீட் என்னும் கரிய மண். நீரை வடித்தவுடன் அது காற்றுப்பட்டு மட்கிக் கரியமில வாயுவாகக் கரைந்துபோகிறது; கோடையில் தீப்பிடித்தால் மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே உள்ள பீட் நிலங்கள், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்தும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனைத் தம்முள் வைத்திருக்கின்றன. குருவிக்காக நீரைத் தக்கவைப்பதும் அந்த மண்ணைத் தக்கவைப்பதும் ஒரே வேலைதான்.

கட்டுரையாளரோடு நான் வேறுபடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். வடிகால் வெட்டப்படாத, அல்லது அரைகுறையாக வெட்டப்பட்டுக் கைவிடப்பட்ட சதுப்புகளிலும் இக்குருவி குறைந்துகொண்டே வந்தது. பியெப்ஷாவில் நடந்தது அதுதான். ஆற்றங்கரைக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கோடையின் கடைசியில் இச்சதுப்புகளில் இறங்கி, நீண்ட பிடியுள்ள அரிவாளால் கோரையை அறுத்து, சதுப்பிலேயே போர் போட்டுவைப்பார்கள். மார்கழி, தையில் நீர் உறைந்து தரை கெட்டிப்பட்டதும் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுசெல்வார்கள். மாட்டுக்குத் தீவனமும் படுக்கையும் அது. அந்த அறுவடை முடிவதற்குள் குஞ்சுகள் பறந்திருக்கும். அறுத்த இடத்தில் அடுத்த ஆண்டு புதுக்கோரை துளிர்க்கும். புதரும் மரக்கன்றும் தலையெடுக்க வழியிருக்காது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் மாடு வளர்க்கும் முறை மாறியது, இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள், அரிவாள் சுவரில் தொங்கியது. யாரும் தொடாத அந்தச் சதுப்பில் முதலில் நாணல் பரவியது, பிறகு வில்லோப் புதர், அதன் பிறகு பிர்ச் மரம். பசுமைக்குக் குறைவில்லை. புகைப்படத்தில் முன்னைவிட அழகாகவே இருக்கும். கோரைக் கதிர்க்குருவி மட்டும் அங்கே இருக்காது.

நீரோட்டம் சிறிதும் குலையாத, உரச்சத்து வந்து சேராத சதுப்புகளில் கோரை தானாகவே திறந்தவெளியாக நிலைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அத்தகைய சதுப்புகள் ஐரோப்பாவில் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற இடங்களில் சுற்றுப்புறக் கால்வாய்கள் நீர்மட்டத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிட்டன. அங்கே புதரை நிறுத்திவைப்பது அறுப்பு ஒன்றுதான்.

ஆகவே போலந்தில் பறவைப் பாதுகாவலர்கள் செய்தது ஒதுங்கிக்கொள்வதற்கு நேர்மாறான காரியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுடன், 2005-இல் தொடங்கிய திட்டமொன்றில், மலைச்சரிவுகளில் பனியைச் சமன்படுத்தப் பயன்படும் சங்கிலிச்சக்கர வண்டிகளை மாற்றியமைத்து, அவற்றில் அறுக்கும் கருவியைப் பொருத்திச் சதுப்பில் இறக்கினார்கள். அகலமான சங்கிலியில் எடை பரவுவதால் வண்டி சேற்றில் புதைவதில்லை. அறுத்த கோரையை அங்கேயே விட்டால் அது அழுகி உரமாகி நாணலுக்கு வழிவிடும் என்பதால், வெளியே எடுத்துச் சென்று எரிபொருள் உருண்டைகளாக அழுத்தினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை அறுக்காமல் விட்டு, பகுதிகளை மாற்றி மாற்றி அறுக்கும் உழவர்களுக்கு மானியம் கிடைக்கிறது. இதிலும் குறையில்லாமல் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் அரிவாளோடு இறங்குவதும் ஒரு கனவண்டி ஓடுவதும் ஒன்றாகிவிடாது. கூட்டுக்கு அடிப்படையான கோரைத் தூர்கள் சங்கிலியில் நசுங்கித் தரை தட்டையாகிறது என்று தாவரவியலாளர்கள் எச்சரித்தார்கள், அது நியாயமான எச்சரிக்கைதான். எப்போது அறுப்பது, எவ்வளவு அறுப்பது, எதனால் அறுப்பது என்பதெல்லாம் இன்றும் வாதத்தில் இருக்கின்றன. அறுக்க வேண்டுமா என்பது வாதத்தில் இல்லை.

கவனம் தளர்ந்தால் எவ்வளவு விரைவில் கைநழுவும் என்பதற்கு ஹங்கேரி நினைவுக்கு வருகிறது. அங்கே ஹோர்தோபாஜ் சமவெளியில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில நூறு ஆண்கள் பாடின. வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வந்த அடுத்த பத்தாண்டுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. பூங்கா என்ற பலகை அப்போதும் அங்கே இருந்தது.

ஆப்பிரிக்காவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதும் குறையே. ஆண்டின் பாதிக்கு மேல் இப்பறவை தன் கூட்டுச் சதுப்பில் இருப்பதில்லை. கோடையின் இறுதியில் தெற்கே போகாமல் முதலில் மேற்கே பறந்து, பெல்ஜியம், பிரான்சின் கடலோரச் சதுப்புகளில் இரைதேடிக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, பின்னரே சகாராவைக் கடக்கிறது. அதன்பிறகு எங்கே போகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. விடை இறகில் கிடைத்தது. இறகு முளைக்கும்போது பறவை தின்ற இரையின் வேதிச்சாயல் அதில் தங்கிவிடும். இக்குருவி இறகு மாற்றுவது ஆப்பிரிக்காவில் என்பதால், ஐரோப்பாவில் பிடித்த பறவைகளின் இறகிலுள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களைச் சோதித்து, மழை, வெப்பக் கணக்குகளோடு பொருத்திப் பார்த்து, தேட வேண்டிய இடத்தைக் குறுக்கினார்கள். 2007 ஜனவரியில் செனகல் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள ஜூஜ் பூங்காவின் வெள்ளப் புல்வெளிகளில் கோரைக் கதிர்க்குருவிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பின்னர் மாலியில் நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்திலும் அறியப்பட்டன.

அங்கேயும் கதை நீரும் மனிதனும் சேர்ந்ததுதான். செனகல் ஆற்றின் குறுக்கே 1986-இல் கட்டி முடிந்த தியாமா அணை கடல்நீர் ஏறுவதைத் தடுத்தது. கூடவே ஆற்றின் இயல்பான வெள்ளத்தையும் மாற்றிவிட்டது. ஜூஜ் பூங்காவுக்கு இன்று நீர் வருவது மதகுகள் திறக்கும் கணக்கில்தான். ஆற்றின் மறுகரையில், மொரித்தேனியாவின் தியாவ்லிங் பூங்காவில் செயற்கையாக வெள்ளத்தை மீண்டும் விட்டபோது, மறைந்திருந்த ஸ்போரோபோலஸ் என்ற புல் திரும்ப முளைத்தது; அதை அறுத்துப் பாய் முடையும் பெண்களின் தொழிலும் அதனோடு திரும்பியது. பியெப்ஷாவின் கோரையைப் போல இங்கும் புல்லுக்கு ஒரு பயனாளி இருந்தார். மதகை எந்த வாரம் திறப்பது என்று ஒருவர் முடிவுசெய்கிறார்; அந்த முடிவின் பலனை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடுத்த ஜூன் அந்தியில் எண்ணிக்கையாளர் காதால் கேட்கிறார். இதனால்தான் 2003-இல் மின்ஸ்க் நகரில், வலசை செல்லும் உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கையின்கீழ், இந்த ஒரே குருவிக்காக நாடுகள் சேர்ந்து தனியாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன.

ஒதுங்கியிருப்பதற்கு எதிர்த்திசையில் மனிதன் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்லி முடிக்கிறேன். 2018-இல் பெலாரஸின் ஸ்வானெட்ஸ் சதுப்பிலிருந்து 50 குஞ்சுகளைக் கூட்டோடு எடுத்து, நாட்டின் எல்லை தாண்டி, லித்துவேனியாவின் ஜுவின்டாஸ் காப்பகத்துக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே இவ்வினம் ஏறத்தாழ அழிந்துவிட்டிருந்தது. புதர் நீக்கி, நீர்மட்டம் சீர்செய்து, இடத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தார்கள். குஞ்சுகளுக்கு விடியலிலிருந்து இருட்டும் வரை கையால் பூச்சி ஊட்டினார்கள். ஒன்று தவிர மற்ற 49-உம் இறகு முளைத்துப் பறந்தன. வழிகாட்டும் தாய் இல்லாமல் அவை ஆப்பிரிக்காவுக்குப் போயின. மறு ஆண்டு அவற்றில் 11 பறவைகள் ஜுவின்டாஸுக்கே திரும்பி வந்தன. இயற்கையாக வளர்ந்த சிறு வலசைப் பறவைகளிலும் முதலாண்டில் பெரும்பகுதி மடிந்துவிடும் என்பதை நினைத்தால், இது நல்ல விகிதம்.

கட்டுரையின் இணையப் பதிப்பில் 'இணைகள்' என்ற சொல்லைப் 'பாடும் ஆண் பறவைகள்' என்று மாற்றவும், இறுதி வாக்கியத்தைக் கட்டுரையாளர் மறுபரிசீலனை செய்யவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையுடன் வெளியான படத்தையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறேன். அதில் உள்ள பறவையின் உச்சந்தலையில் நடுக்கோடு தெரியவில்லை. அது நாணற்புதர்களில் வாழும் வேறொரு கதிர்க்குருவியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்